பாக்கியத்தின் இடக் கண்

"வெடி! வெடி! ஓடு!"

ஓடுகிறார்கள். சிவப்புக் கொடிக்காரன் சரிவில் இறங்கிக்கொண்டே கத்துகிறான். கொழுந்தெடுக்கிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஆயா வெளியே வருகிறாள். இரண்டு கைக்குழந்தைகள் அவள் இடுப்பில். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் பின்னால் ஓடுகின்றன. செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை. முதல் வெடி. மருந்துப் போத்தல்கள் அலுமாரியில் கிணுகிணுக்கின்றன. எண்ணுகிறேன். ஒன்று.

இவ்வளவும் யன்னலால் கண்டது. அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்தேன்.

நான் யாழ்ப்பாணத்தான். முப்பதுகளின் தொடக்கம் அது. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் வேலை. சனங்கள் டாக்டரையா என்பார்கள். நான் டாக்டர் இல்லை. பதினாலாம் ஆண்டுப் பெரிய சண்டையின்போது பஸ்ராவில் காயக்காரருக்குக் கட்டுப் போட்டவன். அங்கே இரண்டு விஷயம் படித்தேன். விழுகிற குண்டை எண்ண வேண்டும். உடம்பில் குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. மூன்றாவது, படிக்காமல் வந்தது. வெடி கேட்டால் உடம்பு தானாகவே மேசைக்குக் கீழே போய்விடும். வெட்கங்கெட்ட உடம்பு. தோட்டத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. வெடி நாட்களில் கதவைத் தாழிட்டுவிடுவேன். மருந்து கலக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

தொழிற்சாலைக்குப் புது ரோட்டு வெட்டினார்கள். பாறையில் ஏழு துளை. ஏழு வெடி.

வெளியே நடந்ததைப் பின்னர் விசாரித்து அறிந்தேன். அந்தச் சரிவில் முந்தின கிழமைதான் கவ்வாத்து முடிந்திருந்தது. செடிகளை முழங்கால் உயரத்துக்குச் சாய்வாக வெட்டி விட்டிருந்தார்கள். வெட்டி விழுந்த கிளைக்குச்சிகள், மிலாறு என்பார்கள், நிலமெல்லாம் கிடந்தன. ஒவ்வொன்றும் கூர். பாக்கியத்துக்கு நாலு வயது. ஓடினாள். தடுக்கினாள். முகம் குப்புற விழுந்தாள். ஒரு மிலாறு இடக் கண்ணின் மேல் இமைக்கும் புருவத்துக்கும் நடுவே ஏறிவிட்டது. அழவில்லையாம். குச்சியோடு எழுந்து நின்றாளாம்.

தாய் ராமாயி அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். குச்சியை அவள் தொடவில்லை. அதை எழுதி வைக்க வேண்டும். என் வாசலுக்கு வந்தபோது குச்சி அப்படியே இருந்தது. கதவு பூட்டியிருந்தது.

நின்றார்கள். கங்காணி வீரன் வந்தார். நல்ல மனுஷன். பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

"எம்புட்டு நேரந்தான் புள்ள குச்சியோட நிக்கும்? புடி தலைய!"

ஒரே இழுவை. லேசாக வந்துவிட்டதாம். இரத்தம் கொஞ்சந்தான். ராமாயி அந்தக் குச்சியை வாங்கிப் பிள்ளையின் தலையை மூன்று தரம் சுற்றினாள். துப்பினாள். குடியிருக்கும் லயத்துக்கு ஓடிப்போய் அடுப்பில் போட்டாள். அவர்கள் வழக்கம் அது. பிள்ளையின் இரத்தம் கண்ட பொருள் வீட்டைச் சுற்றிக் கிடக்கக் கூடாது. எரிய வேண்டும்.

ஏழாவது வெடி. கதவைத் திறந்தேன்.

காயம் ஒரு பயறளவு. இமையைத் தூக்கிப் பார்க்கிறேன். கண்மணிக்கு ஒன்றுமில்லை. வெள்ளை விழி தெளிவு. இரண்டு விரலைக் காட்டுகிறேன். "ரெண்டு" என்கிறாள். கற்கண்டு கேட்கிறாள். கொடுக்கிறேன்.

"குச்சி எங்கை?"

"அடுப்புல போட்டாச்சுங்க."

"முனை முறிஞ்சிருந்ததோ? ஆரும் பாத்தனீங்களோ?"

யாரும் பார்க்கவில்லை. வீரனுக்கும் தெரியவில்லை.

அப்போதே கண்டிக்கு அனுப்பியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். கண் பிழைத்திருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. இன்னொன்றும் உண்டு. மேசைக்கடித் தூசி என் முழங்காலில் இன்னும் ஒட்டியிருந்தது. அவர்கள் அதைப் பார்க்குமுன் போய்விட்டால் போதும் என்றிருந்தது. போரிக் தண்ணீரால் கழுவினேன். கட்டுப் போட்டேன். வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

புதன், வியாழன், வெள்ளி. பிள்ளை விளையாடியது. சனிக்கிழமை காலை ராமாயி தூக்கி வந்தாள். இமை ஊதிக் கறுத்திருந்தது. கண் வெளியே தள்ளியிருந்தது. காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. கழுத்தை மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை. மூளைக்கு ஏறிவிட்டதன் அடையாளம். ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். ராமாயி என் முகத்தைப் பார்த்தாள்.

தேயிலை லொறியில் போனோம். பெட்டிகளின் மேல் அவள். மடியில் பிள்ளை. தலாத்து ஓயா ஊரைத் தாண்டும்போது வாந்தி. பிறகு வலிப்பு. நான் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கண்டிப் பெரியாஸ்பத்திரி. சத்திர வைத்தியர் என்னிடம் கேட்ட முதற் கேள்வியும் அதுதான். குச்சி எங்கே? சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார். படம் பிடித்தார்கள். படத்தில் மரம் தெரியாது என்றார். தெரியவில்லை. அறுத்துத் தேடினார். நான் பக்கத்தில் நின்றேன். சீழ் வந்தது. அதோடு ஒரு கறுத்த முனை வந்தது. என் சுண்டுவிரல் நகத்தளவு. சின்னப் பிள்ளைகளுக்குக் கண்குழியின் கூரை முட்டை ஓட்டளவுதான் இருக்கும். முனை அதைத் துளைத்து மூளைக்குள் போயிருந்தது. அங்கே ஏறிய சீழுக்கு எங்களிடம் மருந்து இல்லை.

வியாழக்கிழமை. காலை ஒன்பதரை. புத்தரின் பல் இருக்கும் மாளிகையில் பூசை மேளம் கேட்கிறது. மேளம் நிற்கிறது. பிள்ளை இல்லை. நான் அழவில்லை. எதுவும் வரவில்லை. கை மட்டும் கட்டுத்துணியை மடித்துக்கொண்டிருந்தது.

வெளியே மரத்தடியில் ராமாயி கேட்டாள்.

"குச்சிய நாந்தானுங்க எரிச்சேன். எரிக்காம இருந்தா புள்ள பொழச்சிருக்குமுங்களா?"

"இல்லைப் பிள்ளை. அதாலை இல்லை."

"நீங்க எம்புட்டோ பாடுபட்டீங்க ஐயா."

என் காலைத் தொடக் குனிந்தாள். செத்துவிடலாம் போலிருந்தது. குனிய விட்டேன்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் மருந்தறைக் கதவைப் பிணைச்சலோடு கழற்றினேன். டாக்டரையாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். பிறகு லயம் லயமாகப் போனேன். ஒரே கதையைத்தான் சொன்னேன். குத்தினதைப் பிடுங்காதேங்கோ. அசைய விடாதேங்கோ. தேங்காய்ச் சிரட்டையை மேலே கவிழ்த்துக் கட்டுங்கோ. எரிக்கிறதெண்டால் நான் பார்த்த பிறகு எரியுங்கோ. அடுத்த கவ்வாத்தில் மூன்று வயது முருகன் வந்தான். சிரட்டை கட்டி, உள்ளே குச்சியோடு வந்தான். கட்டியவள் ராமாயி. கண்டியில் குச்சியை முழுதாக எடுத்தார்கள். அந்தக் கண்ணின் பார்வை போயிற்று. பையன் இருக்கிறான்.

அதற்குப் பிறகும் வெடி வைத்தார்கள். கதவில்லாத அறையில் மேசைக்குக் கீழே கிடந்தேன். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இனிக் கணக்கு. அந்தச் செவ்வாயில் வெடித்தது ஏழு. கல் பட்டுக் காயம் ஒருவருக்கும் இல்லை. குத்திய குச்சி ஒன்று. ஒன்பது நாள். போன உயிர் ஒன்று. பாக்கியம், ராமாயியின் மகள், நாலு வயது. ராமாயிக்கு வேறு பிள்ளை இல்லை, பிறகு பிறக்கவும் இல்லை. அடுத்த வருஷம் போன பார்வை ஒன்று.

இன்னொரு எண்ணிக்கை பாக்கி. இதை நான் ராமாயியிடம் சொல்லவில்லை. மூன்றாம் வெடிக்கும் ஐந்தாம் வெடிக்கும் இடையில் என் கதவில் தட்டியது பதினொரு தரம். "கதவத் தொறங்க டாக்டரையா" என்று கூப்பிட்டது நாலு தரம். எல்லாம் கேட்டது. எண்ணினேன். தாழ்ப்பாள் கையெட்டும் தூரத்தில் இருந்தது.