சார்ஜ் ஏறாத பொட்டி

நாஞ் சொன்னா நம்ப மாட்டீங்களா வஹீது பாய்? ஒயர்ல கோளாறில்லீங்க. மீட்டர் வெச்சுப் பாத்தீங்கல்ல, கரண்டு வருதல்ல? அப்பறமென்ன. சொருகற ஓட்டைதானுங்க ஆட்டம். ஒயரத் தூக்கிப் புடிச்சா லைட்டு எரியும், உட்டா அணைஞ்சுபோயிரும். இப்ப அதுவும் எரியறதில்லீங்க.

எனக்கெதுக்குங்க லேப்டாப்பு? காரமடைல வாழைக்குத் தண்ணி கட்றவன் நானு. இது என்ற பொண்ணு புவனாவக் கட்டுனவனோடது. மோகன்குமாரு. பெங்களூர்ல கம்பெனி வேல. தொண்ணூத்திரெண்டுல எங்களைய ஒரு வார்த்த கேக்காம, ஒரு சீருஞ் செய்ய உடாம, அங்கயே தாலியக் கட்டிப்போட்டான். ஆறு வருசங் கழிச்சு நேத்துத்தான் எங்கூட்டுக்குள்ள காலு வெச்சான். வந்தவன் பேசுனானுங்கறீங்க? எதுன்னாலும் அவகிட்டச் சொல்லி, அவ எங்கிட்டச் சொல்லோணும். நானென்ன செவுடனா? காப்பி ஆகாதாம். சிகரெட்டு வாடை ஆகாதாம், நாம் பத்த வெச்சா எந்திரிச்சு வாசலுக்குப் போயர்றான். திமிருங்க.

மெதுவாத் தொறங்க, கம்பெனிப் பொட்டி. ஆறு மணிக்கு அவங்களுக்கு பஸ்ஸு.

என்னங்க அது? ஈயத்தாளா? அதுதான் ஓட்டைக்குள்ள நடுப் பின்னையும் ஓரத்தையும் சேத்தி ஷார்ட் பண்ணிப்போடுச்சா? பியூஸு போச்சா. போர்டு? போர்டு தப்பிச்சுதுங்களா? சாமி. பியூஸ மாத்தி, பின்னுக்கு நல்லா சால்டரிங் வெச்சா ஓடுமல்ல?

எந்த அறிவுகெட்டவன் சொருகுனதுன்னா கேக்கறீங்க? நல்லாக் கேளுங்க பாய். நாலெழுத்துப் படிச்சவன் செய்யற வேலையாங்க? அவன...

ஏனுங்க என்ற ஜோப்பையே பாக்கறீங்க? ஆமாங்க, என்ற சிகரெட்டுப் பாக்கெட்டுத் தாளுதான். மோட்டார் ரூம்ல பியூஸ் கட்டை லூசானா அதையத்தான் மடிச்சுச் சொருகுவேன். பத்து வருசமா ஓடுது. இதுவும் ஓடுமுன்னு நெனச்சுச் சொருகிப்போட்டேன். மோட்டார் ரூம்ல வெச்சுப் பாக்கறேன்னு அவங்கிட்டச் சொல்லிப்போட்டு, மஞ்சப்பையில சுத்தி பஸ் ஏறி இங்க வந்திருக்கறேன்.

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமுங்களா? சொல்லுவீங்க. காலைல அவனே பொட்டியத் தூக்கிட்டுத் தோட்டத்துக்கு வந்தானுங்க. கூட புவனா இல்லை. என்ற வாயில சிகரெட்டு இருக்குது, அப்பவும் பக்கத்துல வந்து நின்னுட்டான். மாமா, இது சார்ஜ் ஏறலைங்க, கொஞ்சம் பாருங்கன்னான்.

மாமான்னானுங்க பாய். தெரியாதுன்னு எப்படிங்க சொல்றது?