மங்கலான படம்

லண்டன் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் எனக்கு எதிரே அக்காவும் தங்கையும். தங்கையின் மடியில் சுருட்டிய போஸ்டர் ஒன்று நீளமாகக் கிடந்தது.

"உடம்புக்குள்ள கண்ணாடித் தட்டு எங்கயக்கா இருக்கு?" என்றாள் தங்கை.

"ஏன் கேக்கிறாய்?"

"லாப்பில தட்டில வளர்த்தா உடம்புச் செல் தட்டையாப் படுத்திடும். அது ஒட்டிப் பிடிக்கிற இடமெல்லாம் படத்தில பளிச்செண்டு தெரியும். நான் கூழ் மாதிரி ஜெல்லுக்குள்ள வளர்த்தனான். உடம்பில மாதிரி எல்லாப் பக்கமும் பிடிக்குது. ஆனா படம் மங்கல்."

"புரொபசர் என்ன சொன்னவர்?"

"நாளைக்கு மாநாட்டுப் போஸ்டரில தட்டுப் படத்தையே போடட்டாம். அதுதான் பாக்க வடிவாம்."

"போட்டிட்டியோ?"

"இல்லை. மங்கலானதைத்தான் போட்டனான்."

"அந்தாள் எல்லாருக்கும் முன்னால உன்னை ஏசிப் பேசப்போகுது."

"பேசட்டும். மண்டப வாசல்ல நிண்டாலே தெரியட்டும் எண்டுதான் இவ்வளவு பெரிசா அடிச்சனான்."