தலைவர் கனடாவில்

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். குடை வைத்திருந்தவர் உட்கார்ந்ததும் சத்தமாகத் தொடங்கினார்.

"தலைவர் கனடாவுக்குப் போனதும் எங்களுக்குச் சுதந்திரம் கிடைச்சிட்டுது, அக்கா."

"மெல்லக் கதையும். எந்தத் தலைவர்?"

"எங்கட ஃபிளாட் கமிட்டித் தலைவர். பால்கனியில உடுப்புக் காயப்போடக்கூடாது, கருவாடு பொரிக்கக்கூடாது எண்டு லிஃப்டுக்குள்ள நோட்டீஸ் ஒட்டினவர். மகளின்ர பிள்ளைப்பேறுக்குப் போயிட்டார். அவர் எயார்போட்டுக்குப் போய்ச் சேர முந்தியே நான் கருவாடு பொரிச்சிட்டன்."

"நல்லதுதானே."

"எனக்கு நல்லது. ஆனா மேல்வீட்டுக்காரருக்கும் எல்லோ சுதந்திரம் கிடைச்சிட்டுது! அவர் இடுப்பில கட்டுற சாரம் ஈரத்தோட என்ர பால்கனிக்கு முன்னால திரைச்சீலை மாதிரித் தொங்குது. கடலே தெரியேல்ல. பக்கத்து வீட்டில சேவல் வளர்க்கினம். அது லிஃப்டிலதான் போய்வருது."

"லிஃப்டிலயோ?"

"ஓம். நேற்று என்னோடதான் இறங்கினது."



"அப்ப தலைவரைக் கெதியா வரச்சொல்லிக் கேக்கலாமே?"

"அதுக்குக் கடிதமும் எழுதியாச்சு. நான்தான் எழுதினனான். எல்லா வீட்டுக்காரரும் கையெழுத்து வைச்சிட்டினம். போட்டோ எடுத்து வாட்ஸப்பில அனுப்புறதுதான் மிச்சம்."

"பேந்தென்ன, அனுப்புமன்."

குடைக்காரப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அனுப்பலாம், அக்கா. வீட்டில கருவாடு இன்னும் அரைக் கிலோ கிடக்கு."