சைபர் போட்ட பாட்டில்

எங்கள் கடையில் உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதுவும் ஆடும். ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும், தங்களுக்குப் பிடித்த பேட்டை ஒயின் கடை எது என்று நீங்கள் கேட்டதற்கு, இந்த நகரத்து வாசகர்களில் அதிகம் பேர் எங்கள் கடையைத்தான் எழுதியிருக்கிறார்களாம். உங்கள் வாரப் பத்திரிகையிலிருந்து கடிதமும் ஒரு படிவமும் வந்தன. கடை எத்தனை வருடமாக நடக்கிறது என்பது முதல் கேள்வி. இருபத்திரண்டு. எத்தனை வகை இருக்கிறது என்பது இரண்டாவது. சுமார் முந்நூறு. உங்கள் கடையை மக்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பது மூன்றாவது. அதற்கு ஐந்து வரி இடம் விட்டிருக்கிறீர்கள். எனக்கு அது போதவில்லை. தனித்தாளில் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கடை பெரிதில்லை. ஒரு பக்கம் சலவைக்கடை, இன்னொரு பக்கம் செருப்பு தைப்பவர். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். மக்கள் வருவது பாட்டிலின் கழுத்தில் தொங்கும் அட்டைகளுக்காக. உள்ளங்கையில் பாதி அளவு வெள்ளை அட்டை, நூலில் கட்டியது, ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய ஒன்றிரண்டு வரி. ஒன்றில், “மழை விட்ட பிறகு ஈரம் காயாத மாடிப்படி. மீனோடு குடிக்கலாம், மாமியாரோடு வேண்டாம்.” இன்னொன்றில், “வேலையை விட்டவர்களுக்கு. வேலை தேடுகிறவர்கள் பக்கத்து பாட்டிலை எடுக்கவும்.” வாங்க வராதவர்கள்கூட நின்று படித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். எழுதியது நான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். நான் இல்லை என்று சொன்னதில்லை.

எழுதியவர் கமா சார். பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் உள்ளே வந்தார். “உங்க போர்டுல ஒரு கமா தப்பான இடத்துல இருக்கு, சரி பண்ணிடுங்க,” என்றார். அவ்வளவுதான், தெருவே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. ஒரு அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். அடுத்தவர் எழுத்தில் வேண்டாத சொல்லை அடித்து அடித்துப் பழகிய கை. அன்றைக்கு, தப்பைச் சொன்னதற்காக ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். “பள்ளிக்கூடப் பென்சில் டப்பா,” என்றார். நானும் குடித்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது. எனக்கு அது வரை அந்தச் சொல் கிடைக்காமல் இருந்தது.

அதிலிருந்து திங்கட்கிழமை தோறும் நாலு மணி. திங்களன்று கடைக்கு விடுமுறை. பாதிக் கதவை இறக்கிவிட்டு, புதிதாக வந்ததில் ஆறு பாட்டில் திறப்பேன். அவர் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் குடித்து, சட்டைப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து எழுதுவார். இந்தத் தொழிலில் ருசி பார்ப்பவர்கள் விழுங்க மாட்டார்கள், வாளியில் துப்பிவிடுவார்கள். அவர் மட்டும் துப்பமாட்டார்.

“துப்பிடுங்க சார், அதுக்குத்தானே வாளி வச்சிருக்கேன்.”

“ஏம்ப்பா, ஒயினோட கடைசி வரி தொண்டையிலதான் இருக்கு. அதைப் படிக்காம பக்கத்தை அச்சுக்கு அனுப்பச் சொல்றியா?”

இப்போது என் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். எழுந்து உட்கார்ந்தபோது வாசனை போயிருந்தது. திரும்பி வரவே இல்லை. முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. “பால் அடிபிடிச்சு வீடே நாறுது, அடுப்புப் பக்கத்துலயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறீங்க,” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், தானே போய் அடுப்பை அணைத்தாள். மூக்கு போனால் நாக்கும் போன மாதிரிதான். உப்பு, புளிப்பு, இனிப்பு தெரியும். மற்றதெல்லாம் ஈரம். ஒயின் கடைக்காரனுக்கு மூக்கில்லை என்று வெளியே தெரிந்தால் கடையை மூட வேண்டியதுதான். நான் யாரிடமும் சொல்லவில்லை, கமா சாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமைகளில் அவரோடு நானும் கிளாஸைத் தூக்குவேன். அவர் முதலில் பேசும் வரை காத்திருப்பேன். “ஆரஞ்சுத் தோலு” என்பார். “நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்” என்பேன். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். “நம்ம ரெண்டு பேரு நாக்கும் ஒண்ணுப்பா,” என்பார். தன் மகளிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறார்.

போன வருடம் அவருக்கு ஈரல் கெட்டுவிட்டது தெரிந்தது. குடியால் வந்ததல்ல. ரத்தத்தில் இரும்புச் சத்து சேர்ந்து சேர்ந்து ஈரலை அரிக்கிற ஒரு நோய், பரம்பரையாக வருவது. அவர் மகள்தான் கடைக்கு வந்து சொன்னாள். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை அவளுக்கு. தாய் இல்லாத வீடு. அப்பாவும் மகளும் மட்டும்.

“இனிமே ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், மாமா. ஒழுங்கா இருந்தா பத்து வருஷம் ஓட்டலாமாம். ஆனா திங்கட்கிழமை இங்க வராம இருந்தா அப்பா நொடிஞ்சு போயிடுவார். ஆல்கஹாலை எடுத்துட்டு விக்கிற ஒயின்னு ஒண்ணு இருக்காமே, அதைக் கொடுக்க முடியுமா?”

“அதுக்கென்னம்மா, நான் பார்த்துக்கறேன்,” என்றேன். மனதார, அக்கறையாகத்தான் சொன்னேன்.

அப்படிப்பட்ட சரக்கு என்னிடம் மூன்று வகை இருந்தது. மூன்றுக்கும் ஒரே நாளில் அட்டை எழுதிவிட்டார். ஒன்றில், “கடைசிப் பக்கம் கிழிந்த நாவல்” என்று இருந்தது. அடுத்த வாரமும் அதே மூன்று, அதற்கடுத்த வாரமும். மரியாதைக்காக வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். அந்த நேரத்தில்தான் புதுப் பருவத்துச் சரக்கு பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. கழுத்தில் அட்டை இல்லாத பாட்டில்கள் அலமாரி முழுக்க மொட்டையாக நின்றன. நானே எழுதிப் பார்த்தேன். “நல்ல மணம், சிறந்த சுவை.” வாடிக்கையாக வரும் ஒரு பல் டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, “உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று விசாரித்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறு திங்கட்கிழமை மத்தியானம், புதுச் சரக்கில் ஆறு பாட்டிலைத் திறந்தேன். லேபிள் இல்லாத ஆறு சுத்தமான பாட்டில்களில் புனல் வைத்து மாற்றினேன். வெள்ளைத் தாள் ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் பெரிதாக ஒரு சைபர் போட்டேன். ஆல்கஹால் சைபர் என்று அர்த்தம். சைபர் வட்டமாக வருவதற்காக ஒரு கிளாஸின் வாயை வைத்து வரைந்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நாலு மணிக்கு அவர் வந்தார். முதல் வாயை விழுங்கினார். கிளாஸை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இதுல ஆல்கஹால் இல்லையா?”

“இல்ல சார். புதுசா ஒருத்தர் பண்றார், எடுத்ததே தெரியாதாம். நானும் குடிச்சுப் பார்த்தேன், துளிகூட இல்ல.”

அவர் இன்னொரு வாய் குடித்தார். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “நீ சொன்னா சரிதாம்ப்பா,” என்று பேனாவைத் திறந்தார். அன்றைக்கு எழுதிய ஆறும் அவருடைய மிகச் சிறந்த அட்டைகள். சாயங்காலம் அவற்றை அந்தந்தச் சரக்கின் அசல் பாட்டில்களின் கழுத்தில் கட்டினேன்.

அந்தப் பார்வையை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் பிழைத்தேன். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த நாக்குக்கா தெரியாது? தெரிந்துதான் குடிக்கிறார், என்னைக் காட்டிக்கொடுக்காமல் நன்றியோடு குடிக்கிறார், இது எங்கள் இருவருக்குள் வாய்விட்டுப் பேசாத ஒரு ஏற்பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பத்தெட்டு திங்கட்கிழமைகள் அப்படிப் போயின. நடுவில், திறந்த பாட்டிலில் மீதியை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. சைபர் போட்டது ஆயிற்றே, அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். கொடுக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். மகள்தான் தினமும் சாப்பாட்டின்போது அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள். “உங்களாலதான் மாமா அப்பா பழையபடி சிரிக்கிறார்,” என்று கடைக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்தக் கைகளை நான் உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

ஏழாவது மாதத்தில் அவர் கண் மஞ்சளித்தது. கால் வீங்கியது. பிறகு வயிறு. கடைப்படி ஒன்றே ஒன்று, அதை ஏற என் தோளைப் பிடித்துக்கொள்வார். நான் அப்போது நிறுத்தியிருக்கலாம். புனலை எடுக்காமல் இருந்தாலே போதும், வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு திங்களும் அடுத்த வாரம் நிறுத்தலாம் என்று நினைத்தபடியே புனலைக் கழுவித் துடைத்து வைத்தேன். மற்ற நாட்களில் கடை வாசலைத் தாண்டிக் கூட்டம் நிற்கும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு மகள் ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். “டாக்டர் நம்பவே மாட்டேங்கிறார், மாமா. ரத்தத்துல தெரியுதாம், ஒளிச்சு ஒளிச்சுக் குடிக்கிறார்னு அப்பா மூஞ்சிக்கு நேராவே சொல்றார். அப்பா அவரைப் பார்த்து, நான் பொய் சொல்றவன் இல்லன்னு மட்டும் சொன்னார்.” நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பிழையைத் திருத்தியவரைக் கடைசிக் காலத்தில் பொய்யனாக்கி விட்டோமே என்று நினைத்தேன். அப்போதும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. பத்து நாளில் அவர் போய்விட்டார்.

இரண்டு வாரம் முன்பு மகள் மறுபடி வந்தாள். கையில் ஒரு பாட்டில், என் சைபர் போட்டது, கால்பங்கு மீதி இருந்தது. அவருடைய பேனாவும் இருந்தது. “இது ரெண்டும் இங்க இருக்கறதுதான் சரி,” என்றாள். பிறகு அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்பாவுக்குக் கடைசி வருஷம் ஒரு பயம், மாமா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். அவருக்கு நாக்கு கெட்டுப் போச்சாம். ஆல்கஹாலே இல்லாத ஒயின்ல ஆல்கஹால் தெரியுதாம். அவனும் குடிச்சான், அவன் நாக்கு தப்புப் பண்ணாது, தப்பு என் நாக்குலதான்னு சொல்லுவார். இது தெரிஞ்சா அவர் எழுதறதை நீங்க நிறுத்திடுவீங்களோன்னு அவருக்கு பயம்.”

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தன் நாக்கு சொன்னதை அவர் நம்பவில்லை. செத்துப்போன என் நாக்கை நம்பினார். நாங்கள் பேசாமல் செய்துகொண்ட ஏற்பாடு என்று ஒன்று இருக்கவே இல்லை. அதில் நான் ஒருவன் மட்டும்தான் இருந்தேன்.

இதுதான் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில். எங்கள் கடை எல்லாருக்கும் பிடிப்பதற்காக நான் ஒரு மனிதரைக் கொஞ்சம் கொஞ்சமாக, வாரம் ஆறு கிளாஸ் கடையிலும் மீதியை அவர் மகள் கையாலும் ஊற்றிக் கொடுத்துக் கொன்றேன். அவர் கேட்கவில்லை, நான்தான் செய்தேன். இதை நீங்கள் அச்சில் போடலாம், போலீசுக்கும் அனுப்பலாம். நான் எதையும் மறுக்க மாட்டேன். இனி இப்படி ஒரு காரியம் என் கையால் நடக்காது. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. அன்றைக்கு அவள் எழுந்து போகும் முன் அந்த பாட்டிலின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். வாழ்க்கையில் ஒயினைத் தொட்டதில்லை அவள். “தீப்பெட்டி,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அப்புறம், மழையில நனைஞ்ச ஸ்கூல் பை,” என்றாள். அவள் அப்பா அந்தச் சரக்குக்கு எழுதி, நான் இன்னும் கட்டாமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்த அட்டையில் அதே இரண்டுதான் இருந்தன.

இந்தப் பருவத்துச் சரக்கு போன வாரம் வந்து இறங்கியிருக்கிறது. அலமாரி மறுபடி மொட்டையாக நிற்கிறது. அவளுக்கும் அந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்களாம், முடிவு வர இன்னும் நாளாகும். வந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம். ஒரு வாய்தானே, வாளியும் பக்கத்திலேயே இருக்கும். வரச் சொன்னபோது, அப்பா துப்ப மாட்டாராமே என்று கேட்டாள். ஆமாம், துப்ப மாட்டார் என்றேன். அவளிடம் நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

இன்று திங்கட்கிழமை. மணி நாலாகிறது. பாதிக் கதவுக்குக் கீழே அவள் செருப்பு தெரிகிறது. இந்தப் பேனா அவளுக்கு வேண்டும், இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.