மூன்றாம் கொட்டகைப் புண்கள்

தலைமை தாங்கும் பங்குத்தந்தை யேசுதாஸ் அவர்களே, அம்மையாரின் மகள் ஃப்ளோரன்ஸ் அவர்களே, ராயபுரத்திலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! பெரிய மாலையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாயத் தொழிற்சாலை மேலாளர் சுப்புராயன் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று. பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

என் பெயர் கமாலுதீன். அந்தத் தொழிற்சாலையின் மூன்றாம் கொட்டகையில் ஒன்பது வருடமாக மஞ்சள் சாயப்பொடி அள்ளுகிறேன். போன வியாழக்கிழமை மாரடைப்பில் மறைந்த டிரஸ்ஸர் சிலுவையம்மாள் அவர்கள், அங்கே மருந்தறையில் பதினாறு வருடம் எங்கள் காயங்களைக் கழுவிக் கட்டியவர்.

எழுபத்திரண்டில் அந்த அம்மையார் என்ன செய்தார்? கூட்ஸ் தண்டவாளத்தோரம் முளைக்கும் வெட்டுக்காயப்பூண்டைப் பறித்துச் சாறெடுத்து, வடிகட்டி, வாசலினில் குழைத்தார். அதை எல்லோருக்கும் பூசிவிட்டுக் கைராசி என்று பெருமை பேசினாரா? இல்லை. கம்பெனி டாக்டரிடம் அனுமதி வாங்கினார். இரண்டு டப்பா வைத்தார். ஒன்றில் இலைச்சாறு கலந்தது, மற்றதில் வெறும் வாசலின். சம்மதித்தவர்களில் ஒருவருக்கு இது, அடுத்தவருக்கு அது. வாரம் ஒருமுறை காயத்தின்மேல் கண்ணாடித்தாள் வைத்து விளிம்பை வரைவார். அதைப் பார்த்து மருந்தறைப் பதிவேட்டிலும் தன் சொந்த நோட்டிலும் வரைந்து, காயம்பட்டவனிடமே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்.

"உன் புண்ணு, உன் கையெழுத்து கமாலு. நாளைக்கு நானா எழுதிக்கினேன்னு எவனும் சொல்லக்கூடாது பாரு" என்பார்.

மற்றக் கொட்டகைகளில் இலை பூசிய காயங்கள் சீக்கிரம் மூடின. மூன்றாம் கொட்டகையில் ஒன்றுகூட மூடவில்லை. தன் மருந்து தோற்றதையும் அவர் தன் கையாலேயே எழுதிவைத்தார்.

அப்போது நீங்கள் அவரை அறைக்குக் கூப்பிட்டீர்கள், மேலாளரே. மூன்றாம் கொட்டகைப் பக்கங்களைக் கிழித்துவிடுங்கள், உங்கள் பெயரிலேயே களிம்பு போட்டு விற்கிறோம் என்றீர்கள். அவர் சொன்ன பதில் நினைவிருக்கிறதா?

"ஆறாததையும் எழுதிவெச்சாத்தான் சார், ஆறினதை நம்புவாங்கோ."

மறுவாரமே அறிவிப்புப் பலகையில் தாள் தொங்கியது. பச்சிலை வைத்துத் தொழிலாளர் புண்ணைக் கெடுத்தார், ஆகவே வேலைநீக்கம். அதற்கான புகார் மனுவில் கையெழுத்துப் போட்டவன் யார்? நான்தான். கல்மண்டபத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று, "உன் இலையாலதான் என் கை கலீஜாப் பூடுச்சு" என்று கத்தியவனும் நான்தான்.

அவர் என்னைத் திட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு நோட்டை விரித்தார்.

"இத்தப் பாரு நைனா. உங்க கொட்டாயில ஆறு பேருக்கு இலை, ஆறு பேருக்கு வெறும் வாசலினு. அவங்களுக்கும் ஆறலியே. அப்போ இன்னா அர்த்தம்? கோளாறு என் டப்பாவுல இல்ல, நீ அள்ளுற பொடியில கீது."

அன்று வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பொடியால் கெட்ட கைகளுக்காகச் சங்கம் கம்பெனிமேல் வழக்குப் போட்டது.

அந்த வழக்கில் முதல் சாட்சி அவர். வரும் திங்கட்கிழமை கூண்டேறியிருப்பார். மருந்தறைப் பதிவேட்டைக் காணோம் என்று கம்பெனி ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டது. இப்போது சாட்சியும் போய்விட்டார். அந்த நிம்மதியில் வாங்கிய மாலைதானே இது, சுப்புராயன் அவர்களே?

அவருடைய சொந்த நோட்டை மறந்துவிட்டீர்கள். நேற்று ஃப்ளோரன்ஸ் அதை என்னிடம் கொடுத்தார். இதோ, என் கையில் இருக்கிறது. எங்கள் பன்னிரண்டு பேரின் கையெழுத்தும் கைநாட்டும் உள்ளே இருக்கின்றன. திங்கட்கிழமை பன்னிரண்டு பேரும் கூண்டேறுவோம். நான் போட்ட பொய்ப் புகாரை நானே முதலில் திரும்பப் பெறுவேன். அதற்கு என்ன தண்டனையோ, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கொட்டகைக்குப் பூட்டுப் போடும்வரை உங்களை விடமாட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் பேசும் பேச்சா இது என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொள்ளுங்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

அடுத்து இரண்டு நிமிட மௌனம். மூன்றாம் கொட்டகைத் தோழர்களே, முதலில் நீங்கள் எழுந்திருங்கள். ஆறாத கையில் சுற்றியிருக்கும் கட்டுத்துணியை அவிழுங்கள். முன்வரிசையைப் பார்த்துக் கையை நீட்டுங்கள்.

மௌனத்தின்போது கண்ணை மூடிக்கொள்வது வழக்கம், மேலாளரே. நீங்கள் மட்டும் மூடாதீர்கள்.