ஏசாத மனுஷன்

மட்டாஞ்சேரியிலிருந்து வைட்டிலா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். “எங்க வீட்டுக்காரரு என்னைய ஏசி ஆறு வருசமாச்சு” என்று மூத்தவள் சொன்னபோதுதான் காதைக் கொடுத்தேன்.

“நல்லதுதானேக்கா?”

“எல்லாரும் அதான் சொல்றாக. முன்ன குழம்புல உப்புக் குறைஞ்சா தெருவுக்கே கேக்கும். பத்து நிமிசத்துல அவுகளே சாயா போட்டுக்கிட்டு வந்து பக்கத்துல உக்காருவாக. காக்கநாட்டுல கட்டட வேலையில, சாரத்துலருந்து விழுந்து மண்டையில அடிபட்டதோட அதெல்லாம் போச்சு.”

“இப்ப நடக்காரு, பேசுதாருல்ல?”

“எல்லாம் செய்றாக. ஒவ்வொருத்தர் பேரும் ஞாபகம் இருக்கு. நல்லாத் தேறிட்டாருன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. ஆனா கோவமும் இல்ல, சிரிப்பும் இல்ல. எதை வச்சாலும் சாப்பிடுறாக. போன மாசம் வேணும்னே உப்பே போடாம வச்சேன்.”

இளையவள் அவள் முகத்தைப் பார்த்தாள். “ஏசுனாரா?”

“முழுசும் சாப்பிட்டாக. எனக்கு அழுகை வந்துருச்சு. ஏன் அழுறீங்கன்னு கேக்குறாக. ஏ புள்ளன்னு மட்டுமே கூப்பிட்ட மனுசன்.”

பஸ் தோப்பும்படியில் நின்று புறப்பட்டது.

“நீ என்னக்கா சொன்ன?”

“கண்ணுல தூசின்னேன். சரின்னு கை கழுவப் போயிட்டாக.” சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “முன்னன்னா நம்பவே மாட்டாக.”