ஓர் இழுப்பில் போன வஞ்சிரம்

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்து, மேடையின் ஒரே மின்விசிறியையும் தம் பக்கமே திருப்பி வைத்திருக்கும் மன்றத் தலைவர் ஐயா நடனசபாபதி அவர்களே! 'சார், சுருக்கமா முடிச்சிடுங்க, சாம்பார் ஆறிடும்' என்று என் காதில் வரவேற்புரை நிகழ்த்திவிட்டுப் போன செயலாளர் கலைமணி அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, இன்னும் கண்மூடாமல் எனக்குப் பெருமை சேர்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! இன்றைய தொடர் நாடகத்தைத் துறந்து, துறவிகளைப் போல் இங்கே வந்திருக்கும் தாய்மார்களே! கதவோரத்தில், ஒரு காலை வெளியே வைத்தபடி தமிழ்ப்பற்றைக் காட்டும் கடைசி வரிசைத் தோழர்களே! கடலூரிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்து, நடுவில் இடம்பிடித்து அமர்ந்திருக்கும் என் விருந்தினர்களே! உங்கள் அனைவருக்கும் என் கனிந்த வணக்கம்.

சிதம்பரம் தெற்கு வீதியின் இந்த மன்றத்துக்கு ஒரு பெருமை உண்டு. புகைப்பவர் எவரும் உறுப்பினராக முடியாது. அப்படிப்பட்ட மன்றத்தின் மொட்டை மாடியில், சென்ற மாதச் செயற்குழு முடிந்ததும் ஸ்ட்ராபெரி வாசனை வீசியிருக்கிறது. செயற்குழுவில் ஸ்ட்ராபெரி பரிமாறப்படவில்லை. மெதுவடைதான் பரிமாறப்பட்டது. தலைவர் மேலே போய்ப் பார்த்தால், தம் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டறியாத மூன்று உறுப்பினர்கள், ஆளுக்கொரு மேகத்துக்குள் நின்றிருக்கிறார்கள்.

யார் அந்த மூவர் என்று கேட்கிறீர்களா? சொல்லமாட்டேன். என்னைப் போன்ற செய்தியாளன் தன் செய்திக்கு உதவியவர்களைக் காட்டிக்கொடுக்கமாட்டான். ஆனால் சிரிக்காமல் அமர்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

அதனால்தான் இன்று எனக்கு இந்தத் தலைப்பு. இதுவரை புகைக்காத வளர்ந்த மனிதர், வேப் என்கிற மின்சிகரெட்டைப் பிடிக்கத் தொடங்கலாமா? பிள்ளைகளுக்குக் கூடாது என்பதில் இங்கே இரண்டு கருத்து இல்லை. மீசை நரைத்தவர்களின் வழக்குத்தான் இன்று மேடைக்கு வந்திருக்கிறது.

'அதான் சட்டமே இருக்கே சார்!' என்கிறார் அங்கே ஒரு தம்பி. உண்மை. 2019 முதல் இந்த நாட்டில் இந்தப் பொருளைச் செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விளம்பரப்படுத்துவதும் குற்றம். ஆனால் தம்பி, சட்டம் சொன்னதால் மட்டும் நாம் எதை விட்டிருக்கிறோம்? தலைக்கவசத்தைத் தலையில் போடச் சொன்னது சட்டம். நாம் அதைப் பெட்ரோல் டாங்கின் மேல் போட்டு, டாங்கைப் பாதுகாக்கிறோமே! ஆகவே சட்டத்தை ஒரு நிமிடம் ஓரமாக உட்காரவைத்து, ஒரு மனிதரைப் பார்ப்போம்.

அவர் பெயர் பூவரசன். கடலூர்க் கரையோரம் ஒரு மீன் இறங்குதளத்தில் ஏலம் கூறுகிறவர். நாற்பதைத் தொட்ட மனிதர். பூவரசன் பீடி பிடித்தாரா? இல்லை. சுருட்டுச் சுவைத்தாரா? இல்லை. நண்பன் திருமணத்தில் நான்கு பேர் கட்டாயப்படுத்தியும் ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்தாரா? அதுவும் இல்லை. தொண்டைதான் அவருக்குத் தொழில். அதனால் ஐஸ் தண்ணீர் தொடமாட்டார். இரவில் தயிர் தொடமாட்டார். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தால், அது கரைந்து பாயசமாகும் வரை காத்திருந்து குடிப்பார்.

ஏன் இவ்வளவு கவனம்? அந்தத் தளத்தின் வழக்கம் அப்படி. படகு வந்து மீன் குவிந்ததும் பூவரசன் குரல் எடுப்பார். வியாபாரிகள் வாய் திறந்து விலை கேட்கமாட்டார்கள். ஒருவர் தலையசைப்பார், ஒருவர் விரல் காட்டுவார், ஒருவர் புருவத்தை உயர்த்துவார். அத்தனையையும் கண்ணால் வாங்கி வாயால் கொடுப்பது இவர் வேலை. குரல் ஓடும் வரை விலை ஏறும். குரல் நின்றால் ஏலம் முடிந்தது. கடைசியாகச் சொன்ன விலையே விலை. அதற்கு மேல் அழுதாலும் பயனில்லை, ஆட்சியரிடம் மனுக் கொடுத்தாலும் பயனில்லை. ஆகவே பூவரசன் இருமலை விழுங்குவார். கொட்டாவியை மெல்லுவார். தும்மல் வந்தால் அந்தத் தும்மலோடு சேர்த்தே அடுத்த விலையைச் சொல்லுவார். எதிரே நிற்பவர்தான் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நல்லவர் வீட்டுக்கு, பொங்கல் விடுமுறையில், வெளிநாட்டு வேலையிலிருந்து மனைவியின் தம்பி ஸ்ரீதர் வந்தார். கையில் பேனா போல் ஒன்று.

'மாமா, ஒரு இழு இழுத்துப் பாரு.'

'போடா, நான் சிகரெட்டே குடிக்கறதில்ல.'

'இது சிகரெட்டு இல்ல மாமா. நெருப்பு இல்ல, சாம்பல் இல்ல. வெறும் வாசனத் தண்ணி. சிகரெட்ட உடறவனுக்கே இதத்தான் குடுக்கறாங்க.'

'நான்தான் குடிக்கவே இல்லியே, எதடா உடறது?'

அவையோரே, உலகத்தின் மிகச் சரியான கேள்வி அது! அந்தக் கேள்வியோடு அவர் எழுந்து போயிருந்தால், நான் இன்று உங்கள் முன் பேச விஷயமே இருந்திருக்காது. ஆனால் ஸ்ரீதர் சொன்னார்: 'பலாப்பழ வாசன மாமா.' பண்ருட்டிக்குப் பக்கத்தில் பிறந்தவனிடம், பலா வராத தை மாதத்தில் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? இழுத்தார்.

முதலில் மாடியில் விளையாட்டாக. பிறகு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு. மச்சான் ஊருக்குத் திரும்பும்போது பை நிறைய அந்தக் குழல்களைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வீட்டில் பலாப்பழ வாசனை. ஆனால் பலாப்பழம் இல்லை. மனைவி இளமதி கட்டிலுக்கு அடியில் தேடினார், பரண்மேல் தேடினார், வலை மூட்டையைப் பிரித்துத் தேடினார். இறுதியில் கணவரைப் பிடித்தார்.

'உண்மையச் சொல்லு. பலாப்பழம் வாங்கினு எந்த ஊட்டுக்குப் போற?'

'நான் எங்கடி போறேன்?'

'சட்டையெல்லாம் வாசன வருது. இந்த வருசத்துல நான் ஒரு சொளையக் கண்ணுல பாக்கல. எவளுக்கு உரிச்சுக் குடுத்துட்டு வர?'

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். பூவரசன் சிரிக்கவில்லை. வேறொரு பெண் இல்லை என்று நிரூபிக்க, அந்தக் குழலை எடுத்துக் காட்டவேண்டியதாயிற்று. அதைப் பார்த்த இளமதி, 'இதுக்கு அவளே தேவல' என்றார்.

ஆனால் கேளுங்கள். அதுவரை அதிகாலையில் ஒரு மடக்கு வெந்நீரோடு ஏலத்துக்குப் போன மனிதர், இப்போது பாதி வழியில் நின்று மடியைத் தடவிப் பார்த்தார். இருக்கிறதா? இருக்கிறது. அப்பாடா! சாவியை மறந்தால்கூட அவர் திரும்பி வந்ததில்லை. இதை மறந்தால் திரும்பி ஓடிவந்தார். யாருக்கும் அடங்காத தொண்டைக்கு எஜமான் ஒருவன் வந்துவிட்டான்.

அப்புறம் வந்தது அந்த மாசி மாதத்துக் காலை. செல்லாயி அம்மாளின் படகில் அள்ளி அள்ளி வஞ்சிரம். செல்லாயி சொன்னால் அந்தத் தளத்தில் படகுக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். யார் ஏலம் கூறுவது என்று முடிவு செய்வதே அவர்தான். வெள்ளி வெள்ளியாய் மின்னுகிறது குவியல். பூவரசன் குரல் எடுத்தார். இந்தப் பக்கம் அந்தோணிசாமி என்ற வியாபாரி புருவத்தை உயர்த்துகிறார். எதிர்ப்பக்கம் வேறொருவர் விரலை மடக்குகிறார். இனிமேல்தான் விலை ஏறவேண்டும். இப்போதுதான் தொடக்கம். மத்தி மீன் விலையைத் தாண்டிக்கூடக் குரல் போகவில்லை. அந்த நேரத்தில், ஐயோ, அந்த நேரத்தில் பூவரசனின் கை, அவரைக் கேட்காமலே மடிக்குப் போனது. தோள்பக்கம் முகத்தைத் திருப்பினார். ஓர் இழுப்பு.

ஓர் இழுப்புத்தான்!

குரல் நின்றது. தளமே நின்றது. மீன் குவியலின் மேல் ஒரு பலாப்பழ மேகம் மெல்ல மிதந்து போனது.

'முடிஞ்சிது' என்றார் அந்தோணிசாமி. வஞ்சிரம் முழுவதும் மத்தி விலைக்கு அவர் வண்டியில் ஏறியது.

செல்லாயி அம்மாள் வழக்கத்தை மீறவில்லை. விலையைத் திருப்பிக் கேட்கவில்லை. பூவரசனை மட்டும் ஏற இறங்கப் பார்த்தார்.

'ஏன்டா, மீன ஏலம் உடச் சொன்னா நீ பலாப்பழம் பழுக்க வச்சினு இருக்கியா?'

'அத்த, ஒரு நிமிசம் அசந்துட்டேன்...'

'அசந்தது ஒரு நிமிசம். போனது ஒரு படகு மீனு. நாளைலேந்து உன் வாய நீயே வச்சிக்க. எந்நேரமும் ஊதினு இரு. ஏலத்துக்கு வேற வாய் பாத்துக்கறோம்.'

போயிற்று வேலை. இருமல், கொட்டாவி, தும்மல் எதனாலும் நிற்காத குரல், பழ வாசனைக்காக நின்றது.

அவமானம் தாங்காமல் அன்று மாலையே மிச்சமிருந்த கடைசிக் குழலைக் கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வீசி எறிந்தார். கைதட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மறுநாள் விடிந்ததும் அதே இடத்தில் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார்.

'மீனுக்கா வீசற?' என்று கேட்டார், தேடி வந்த இளமதி.

'இல்ல.'

'நண்டுக்கா?'

'இல்ல.'

'பின்ன எதுக்கு?'

பூவரசன் வலையை இழுத்துக் காட்டினார். வலையில் இரண்டு நண்டும், யாரோ விட்ட ஒற்றைச் செருப்பும் இருந்தன. சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்ததும் ஒன்றை யோசியுங்கள். நாற்பது ஆண்டுகளாக எதையும் தேடி அலையாத மனிதன் அவன். பசித்தால் சோறு, தவித்தால் தண்ணீர், அவ்வளவுதான் அவன் தேவை. அந்த உடம்புக்குப் புதிதாக ஒரு தேவையை உண்டாக்கி, அந்தத் தேவைக்காக அவனை விடியலில் குளிர்ந்த நீரில் நிறுத்தியது எது? வெறும் வாசனைத் தண்ணீரா?

இளமதி அவரைக் கையோடு நுரையீரல் மருத்துவர் அனுப்பிரியாவிடம் கூட்டிப்போனார். இளமதி கொண்டுபோன காலிக் குழலைப் பார்த்ததும், 'இதில் நிகோடின் இருக்கிறது. சிகரெட்டுக்கு ஆளை அடிமையாக்குவதும் இதுதான்' என்றார் மருத்துவர். பூவரசன் விடவில்லை. 'சிகரெட்ட உடறவங்களுக்கு நல்லதுன்னாங்களே டாக்டர்?' என்று கேட்டிருக்கிறார். மருத்துவர் கடலூர்க்காரர். கடலூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னார்.

'வெள்ளத்துல மாட்டினவனக் காப்பாத்தப் படகு தேவைதான். அந்தப் படகுலயும் ஓட்ட இருக்கு, எவ்ளோ பெரிய ஓட்டன்னு இன்னும் அளந்துனு இருக்காங்க. அவனுக்கு அது சரியா தப்பான்னு டாக்டருங்களே வாதாடறோம். ஆனா மொட்ட மாடியில காய்ஞ்சு நிக்கறவர் நீங்க. நீங்க எதுக்குத் தண்ணியில குதிச்சு, ஓட்டப் படகுல ஏறணும்?'

இதைவிடத் தெளிவாக நான் என்ன சொல்ல? புகைப்பவர் புகையை விட வேறு வழி தேடினால், அது அவருக்கும் மருத்துவருக்கும் இடையிலான பேச்சு. அதற்குள் நான் நுழையமாட்டேன். ஆனால் புகைக்காதவரே! உமக்கு இதில் என்ன லாபம்? உடல் நலம் கூடுமா? கூடாது. மூச்சு நீளுமா? நீளாது. மாடியிலே நின்றால் மாநிறம் சிவப்பாகுமா? ஆகாது. வாசனைதான் வேண்டும் என்றால், சித்திரை வரட்டும், பண்ருட்டியில் பழமே கிடைக்கும். அதைத் தின்ற பிறகு கொட்டையைச் சுட்டும் தின்னலாம். இந்தக் குழலில் கொட்டையும் இல்லை, சுளையும் இல்லை. வாசனையைக் காட்டி உள்ளே வரும் கட்டாயம் மட்டுமே இருக்கிறது.

சரி, பூவரசன் என்ன ஆனார்? விட்டார். எளிதாக விடவில்லை. எரிந்து விழுந்தார், உறக்கம் இல்லாமல் புரண்டார், ஐஸ் பெட்டி தூக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே விட்டார். மடியைத் தடவாமல் ஒரு காலைப்பொழுது கழிந்ததும், நேரே செல்லாயி அம்மாளிடம் போய் நின்றார்.

'அத்த, உட்டுட்டேன். ஏலத்தத் திருப்பிக் குடு.'

'என்னக் கேக்காத. இப்ப ஏலம் உடறவளக் கேளு.'

அவையோரே, பூவரசனின் இடத்தில் செல்லாயி அம்மாள் நிறுத்தியிருந்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் இளமதியை! 'ஊட்டுல இவ பேச்ச நிறுத்தி நான் பாத்ததே இல்ல' என்று எந்தக் காலத்திலோ பூவரசன் புலம்பியது, அம்மாளுக்கு நற்சான்றிதழாகப் பட்டிருக்கிறது. இளமதி நின்றார். குரல் எடுத்தார். விலை ஏறியது பாருங்கள்! புருவத்தை உயர்த்திய வியாபாரிகள் இறக்க மறந்தார்கள். அந்தோணிசாமிக்கு இப்போது வஞ்சிரம், வஞ்சிர விலைக்குத்தான் கிடைக்கிறது.

கணவர் கேட்டதும் இளமதி கொஞ்சம் யோசித்தார். 'மத்தியும் நண்டும் நீ உடு. பெரிய மீன நான் பாத்துக்கறேன்' என்றார். அன்றிலிருந்து தளத்தின் ஓரத்தில், பெரிய ஏலம் முடிந்த பிறகு, பூவரசன் மத்தி ஏலம் கூறுகிறார்.

அந்தப் பூவரசனும் இளமதியும்தான் நான் முதலில் வணங்கிய கடலூர் விருந்தினர்கள். அதோ, நடுவில். எழுந்திருக்க வேண்டாம் ஐயா, பின்னால் இருப்பவர்கள் எழுந்து பார்த்துக்கொள்வார்கள். இங்கே வருமுன் அவரிடம் கேட்டேன்: புகைக்காதவர் இதைத் தொடலாமா என்று மன்றத்தில் கேட்கிறார்கள், என்ன சொல்லட்டும்? அவர் அதிகம் யோசிக்கவில்லை.

'சார், சிகரெட் குடிக்கிறவன் கஷ்டப்பட்டு உட்டா, அதுவரிக்கும் இல்லாத ஒண்ணு அவனுக்குக் கெடைக்கும். நானும் அதே கஷ்டம் பட்டுத்தான் உட்டேன். எனக்குக் கெடைச்சது, முன்னாடி என்கிட்ட இருந்ததேதான். அதுலயும் பாதிதான்.'

'பாதி இல்ல, கால்வாசி!' என்கிறார் அங்கிருந்து இளமதி அம்மா. திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

தலைவர் அவர்களே, நீங்கள் கேட்ட தீர்ப்பு அதுதான். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. தங்கள் வீட்டுக் கதையைத் தெற்கு வீதி முழுவதும் கேட்கச் சொல்ல அனுமதி தந்த தம்பதியருக்கு முதல் நன்றி. வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு அடுத்த நன்றி. இன்று வரை எதையும் ஊதாமல் இருக்கும் அத்தனை பேரும் அப்படியே நீடு வாழ வாழ்த்தி, வணங்கி அமர்கிறேன்.